பெரிய ஆர்வி ஓட்டப் போகிறீர்களா? முதலில் அதன் வாலைப் பழகிக்கொள்ளுங்கள்

ஆர்வி என்பது படுக்கை, சமையலறையோடு பயணம் போகும் வீட்டு வண்டி. அதில் எஞ்சினோடு தானே ஓடும் வகையான மோட்டார் ஹோம் ஒன்றை, 36 அடி நீளத்தில், முதன்முதலில் வாடகைக்கு எடுத்தபோது, நெடுஞ்சாலையில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. இருநூறு மைல் நிம்மதியாக ஓட்டி வந்தேன். தவறு நடந்தது பெட்ரோல் பங்கில். பம்ப் என் இடப்பக்கம் இருந்தது. எரிபொருள் நிரப்பி முடித்ததும், வலது பக்கம் இருந்த வாசலை நோக்கி ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்துக் கிளம்பினேன். கண் முழுக்க வலது கண்ணாடியிலேயே இருந்தது. பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறாமல் திரும்புகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ‘படக்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தால், வண்டியின் இடதுபக்கப் பின்மூலை பம்பைக் காக்க நட்டிருந்த மஞ்சள் இரும்புத் தூணில் உரசி, அடிப் பலகை பிளந்திருந்தது. முன்பக்கம் வலப்புறம் திரும்பத் திரும்ப, பின்பக்கம் இடப்புறம் வீசியிருக்கிறது. அது எனக்குத் தெரியவே இல்லை.

கார் ஓட்டிப் பழகியவர்களுக்குப் பெரிய ஆர்வி தரும் முதல் பாடம் இதுதான். காரில் பின்சக்கரத்துக்குப் பின்னால் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆர்வியில் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். அந்த நீளம் எங்கே போகிறது, தலைக்கு மேல் எவ்வளவு உயரம் இருக்கிறது, எடை எந்த அச்சில் விழுகிறது, இந்த மூன்றும் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். ஆர்வி என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது அமெரிக்க, கனடியச் சாலைகள் என்பதால் அங்குள்ள அளவுகளையும், சாலையின் வலப்பக்கம் ஓட்டும் வழக்கத்தையும் வைத்தே எழுதுகிறேன். வண்டியின் குணம் எங்கே ஓட்டினாலும் ஒன்றுதான்.

எது பெரிய வண்டி?

வகைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிளாஸ் பி என்பது ஒரு வேன். உள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்திருப்பார்கள். நீளம் பெரும்பாலும் 19 முதல் 24 அடி. கிளாஸ் சி என்பதன் முகப்பு வேன் அல்லது டிரக்கினுடையது. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வழக்கமாக 22 முதல் 32 அடி வரை வரும். கிளாஸ் ஏ பேருந்து போலத் தட்டையான முகம் கொண்டது; 45 அடி வரை போகும். அதில் எஞ்சின் பின்னால் இருக்கும் டீசல் வண்டியை ‘டீசல் புஷர்’ என்பார்கள். இழுத்துச் செல்பவை இரண்டு வகை. பின்கொக்கியில் மாட்டுவது டிராவல் டிரெய்லர். பிக்கப் டிரக்கின் பின்தட்டில் அமர்ந்துகொள்வது ஃபிஃப்த் வீல். 40 அடி ஃபிஃப்த் வீலையும் டிரக்கையும் சேர்த்து அளந்தால் 55 அடியைத் தொடும்.

இதில் எங்கிருந்து ‘பெரியது’ ஆரம்பிக்கிறது? ஒவ்வொருவரும் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் உரிமம் பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் எண் 26,000 பவுண்டு, அதாவது சுமார் 11,800 கிலோ. சொந்தப் பயணத்துக்கான ஆர்விக்கு வணிக உரிமம் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் டெக்சஸில் இந்த எடையைத் தாண்டினால் வணிகம் சாராத கிளாஸ் பி உரிமம் வேண்டும் (மேலே சொன்ன கிளாஸ் பி வேனுக்கும் இதற்கும் தொடர்பில்லை). கலிஃபோர்னியாவில் 40 அடியைத் தாண்டிய மோட்டார் ஹோமுக்கும் அதே கதைதான். ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்தின் எல்லை வெகுகாலமாக 3,500 கிலோ. அங்கே ஓட்டும் வண்டிகள் சிறியதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே வண்டி எடுப்பதற்கு முன், நீங்கள் இருக்கும் மாநிலத்தின் அல்லது நாட்டின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

தேசியப் பூங்காக்களின் கோடு இன்னும் கறாரானது. மொன்டானாவில் கிளேசியர் பூங்காவின் ‘கோயிங் டு தி சன்’ மலைச்சாலையில், நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடியோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ இருந்தால் அனுமதி கிடையாது. அந்தக் கணக்கில் பல கிளாஸ் பி வேன்கள்கூடப் பெரிய வண்டிதான். யூட்டாவில் சயான் பூங்காவின் மலைச்சுரங்கம் 1930இல் திறந்தது. அந்தக் காலத்துக் கார்களை மனத்தில் வைத்துக் குடைந்த வளைவு அது. இன்றைய பெரிய மோட்டார் ஹோம் அதற்குள் தன் லேனில் அடங்காது.

என்னைக் கேட்டால், நீளம் 30 அடியைத் தாண்டினாலும், உயரம் 11 அடியைத் தாண்டினாலும், பின்னால் எதையாவது இழுத்தாலும் அதைப் பெரிய வண்டியாகவே நினைத்து ஓட்டுங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். 24 அடி கிளாஸ் சி வண்டியை ‘சின்னதுதானே’ என்று எடுத்துப்போய் மரக்கிளையில் கூரையைக் கிழித்துக்கொள்பவர்கள் உண்டு. நீளத்தில் சிறியதென்றாலும் உயரத்தில் அது பெரிய வண்டிதான்.

விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் போடாத இன்னொரு அளவும் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ். மொத்த நீளத்தில் அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 34 அடி வண்டி என்றால் 408 அங்குலம். வீல்பேஸ் 208 அங்குலமானால் 51 சதவீதம். 228 அங்குலமானால் 56 சதவீதம். வெளியிலிருந்து இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஓட்டினால் வேறு வேறு. முதல் வண்டிக்கு வால் நீளம். காற்றில் அலையும், நேர்சாலையில் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வைக்கும். 55 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதைத் தேடுங்கள். வாங்கப் போகிறவர்கள் சோஃபாத் துணியையும் குளிர்சாதனப் பெட்டியையும் பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

கிளம்பும் முன்: உயரமும் எடையும்

உயரத்தை நீங்களே அளக்க வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் உயரத்தில், பிற்பாடு பொருத்திய ஏசியோ ஆண்டெனாவோ சேர்ந்திருக்காது. சமதரையில் நிறுத்தி, ஏணி வைத்து ஏறுங்கள். கூரையில் எது மிக உயரமோ அதன் மேல் ஒரு நேரான கட்டையை வைத்து, பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்படி செய்யுங்கள். கட்டை சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அதன் நுனியிலிருந்து தரைவரை டேப்பை விட்டு அளந்துகொள்ளுங்கள். அதோடு இரண்டு மூன்று அங்குலம் கூட்டி ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடியிலும் எழுதுங்கள், மீட்டரிலும் எழுதுங்கள். 12 அடி 8 அங்குலம் என்பது 3.86 மீட்டர். கனடாவில் பாலத்தின் பலகையைப் பார்த்த பிறகு மனக்கணக்குப் போட நேரம் இருக்காது.

வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. பல வருடங்கள் அதன் உயரப் பலகை 11 அடி 8 அங்குலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை விளக்குகள் வைத்தும், வாடகை டிரக்குகளும் ஆர்விகளும் ஓயாமல் அதில் போய் இடித்தன. 2019இல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அப்படியும் 12 அடி 4 அங்குலம்தான். மேலே சொன்ன 12 அடி 8 அங்குல வண்டி இன்றைக்கும் அதில் இடிக்கும். அங்கே இடித்தவர்களில் பெரும்பாலானவர்கள் கண் தெரியாதவர்களாகவோ குடித்தவர்களாகவோ இருந்திருக்க மாட்டார்கள். தங்கள் வண்டி எவ்வளவு உயரம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. காருக்கான வழிகாட்டிச் செயலி உங்கள் உயரத்தை யோசிக்காது. உயரம், நீளம், எடை மூன்றையும் உள்ளிட்டு வழி கேட்கக்கூடிய, ஆர்விக்கோ லாரிக்கோ உள்ள வழிகாட்டியையே பயன்படுத்துங்கள். சமையல் எரிவாயு உருளை வைத்திருக்கும் வண்டிகளை உள்ளே விடாத சுரங்கங்களும் உண்டு, பால்டிமோர் துறைமுகச் சுரங்கம் மாதிரி.

அடுத்தது எடை. ஒவ்வொரு வண்டியிலும், மொத்தம் எவ்வளவு எடை போகலாம், நீங்கள் ஏற்றக்கூடியது எவ்வளவு என்று ஒரு ஒட்டுச்சீட்டு இருக்கும். பெரும்பாலானவர்கள் மறந்துவிடுவது தண்ணீரை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 100 கேலன் தொட்டி நிறைந்தால் 830 பவுண்டு. மோட்டார் ஹோமில் ஏறும் ஆட்களும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். எல்லாப் பொருளையும் ஏற்றி, தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி, லாரிகள் நிற்குமிடத்தில் இருக்கும் எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். முன் அச்சுக்குத் தனி எண், பின் அச்சுக்குத் தனி எண் வாங்கிக்கொள்ளுங்கள். டயர் காற்றழுத்தத்தை முடிவு செய்வது இந்த எண்கள்தான். டயர் நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் டயர் அளவுக்கும் அச்சு எடைக்கும் எவ்வளவு காற்று என்று பார்த்து, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்ப வேண்டும்.

அச்சு அச்சாக எடை போடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வால் நுனியில் ஏற்றும் சுமை, சிறுவர் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். வீல்பேஸ் 19 அடி, பின் அச்சிலிருந்து 12 அடி தள்ளி 500 பவுண்டு மோட்டார் சைக்கிளைத் தொங்கவிட்டீர்கள் என்று வையுங்கள். 500ஐ 12ஆல் பெருக்கி 19ஆல் வகுத்தால் சுமார் 315 வரும். முன்சக்கரத்தின் மேலிருந்து அத்தனை பவுண்டு எடை குறைந்துவிடும். ஸ்டியரிங் லேசாகும், வண்டி மிதக்கிற மாதிரி இருக்கும். ‘ஸ்டியரிங் சரியில்லை’ என்று பட்டறைக்குப் போவதற்கு முன், பின்னால் என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கனமானதை அச்சுகளுக்கு நடுவே, தாழ்வாக வையுங்கள்.

டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் இருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள், எந்த வாரம், எந்த வருடம் என்று சொல்லும். 1820 என்றால் 2020ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். ஆர்வி நிறைய நாள் நின்றுகொண்டே இருப்பதால், பட்டை தேயாமலே ரப்பர் கெட்டுப்போகும். பார்க்கப் புதிதாக இருக்கிறதே என்று நம்ப முடியாது.

காலி மைதானத்தில் ஒரு காலை

இதை மட்டும் தவிர்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும் பெரிய வண்டி நிறுத்துமிடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு சாக்பீஸ், நான்கு கூம்புகள், துணைக்கு ஒருவர். கூம்பு கிடைக்காவிட்டால் காலி அட்டைப்பெட்டி போதும்.

முதலில் கண்ணாடிகள். மேலே தட்டைக் கண்ணாடி, கீழே குவிகண்ணாடி. தட்டைக் கண்ணாடியில் வண்டியின் பக்கவாட்டு ஒரு மெல்லிய பட்டையாகத் தெரிந்தால் போதும், மீதி பின்னால் வரும் சாலையாக இருக்கட்டும். குவிகண்ணாடியில் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் தெரிய வேண்டும். அது தெரியவில்லையென்றால் வண்டியை நகர்த்தவே வேண்டாம். துணைக்கு வந்தவரை வண்டியைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். எங்கே அவர் கண்ணாடியிலிருந்து மறைகிறாரோ, அந்த இடத்தில் ஒரு காரும் மறையும்.

அப்புறம் வால். வண்டியை நேராக நிறுத்தி, இடது பக்கவாட்டை ஒட்டித் தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போடுங்கள், வாலுக்குப் பின்னாலும் கொஞ்சம் நீட்டி. துணைக்கு வந்தவர் பின்மூலையிலிருந்து நன்றாக விலகி நின்று பார்க்கட்டும். நீங்கள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்து, ஆமை வேகத்தில் முன்னே போங்கள். பின்மூலை கோட்டைத் தாண்டி எவ்வளவு வெளியே வருகிறது என்று அவர் தரையில் குறித்துக்கொள்வார். வீல்பேஸ் 20 அடி, பின்நீட்டம் 13 அடி உள்ள வண்டியில், முன்சக்கரம் 50 டிகிரி ஒடிந்தால், பின்மூலை 3 அடிக்கு மேல் வெளியே வீசும். அந்தச் சாக்பீஸ் குறியை இறங்கி நின்று பார்த்த நாளிலிருந்துதான் எனக்கு அந்த வண்டி புரிய ஆரம்பித்தது. பங்கில் நடந்ததைத் தவிர்க்க வழியும் அதிலேயே இருக்கிறது. தூணையோ பக்கத்து வண்டியையோ ஒட்டி நின்று கிளம்பும்போது, வால் முழுவதும் அதைத் தாண்டும்வரை நேராகவே போங்கள். இடமில்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஒடியுங்கள், திரும்பும் பக்கத்துக்கு எதிர்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

மூன்றாவதாக ஒரு கூம்பைத் தெருமுனையாக நினைத்து, வலப்பக்கம் திரும்பிப் பழகுங்கள். பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் வராது. பல அடி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அதனால் கார் மாதிரி முனைக்கு முன்பே திரும்பக்கூடாது. நேராக முன்னே போய், உங்கள் இருக்கை முனையைத் தாண்டிய பிறகு ஒடியுங்கள். டீசல் புஷரில் நீங்கள் முன் அச்சுக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். ஆகவே ‘ரொம்பத் தாண்டிவிட்டோமோ’ என்று தோன்றும் இடம்தான் சரியான இடம். ஐந்தாறு முறை கூம்பை நசுக்கிவிட்டு ஏழாவது முறை சரியாக வரும். அங்கேயே நசுக்கிவிடுங்கள்.

தெருவில் திரும்பும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வலப்பக்கம் திரும்ப இடம் பிடிப்பதற்காக முன்கூட்டியே இடப்பக்கம் பெரிதாக ஒதுங்காதீர்கள். அந்தக் காலி இடத்தில் வலப்பக்கமாக ஒரு கார் நுழைந்துவிடும். வாலை வலது ஓரத்திலேயே வைத்துக்கொண்டு, திரும்பி நுழையும் தெருவில்தான் அகலம் எடுக்க வேண்டும். இடப்பக்கம் திரும்ப இரண்டு லேன் இருந்தால் வெளி லேனில் போங்கள்.

ஓட்டத்தில்

அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். உங்களுக்கு வலப்பக்கம் ஆறடிக்கு மேல் வண்டி இருக்கிறது. கார் ஓட்டிய பழக்கத்தில் உங்களை லேனின் நடுவில் வைத்துக்கொள்வீர்கள். வண்டி வலது ஓரத்தை மிதிக்கும். புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது இது. முன்னால் சாலையைத் தூரமாகப் பாருங்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை இரண்டு கண்ணாடியிலும் பின்சக்கரத்துக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நடுவில் போகிறீர்கள். ஒரு மணி நேரத்தில் இது பழகிவிடும்.

இடைவெளிக்கு லாரி ஓட்டுநர்களின் கணக்கு நல்லது. வண்டியின் ஒவ்வொரு பத்து அடிக்கும் ஒரு விநாடி. மணிக்கு 40 மைலைத் தாண்டினால் இன்னும் ஒரு விநாடி. 40 அடி வண்டிக்கு நெடுஞ்சாலையில் ஐந்து விநாடி. 60 மைல் வேகத்தில் ஒரு விநாடிக்கு 88 அடி ஓடுகிறோம், ஆக 440 அடி. கார்கள் அந்த இடைவெளியில் நுழைந்துகொண்டே இருக்கும். கோபப்படாமல் மறுபடி பின்வாங்குங்கள். 36,000 பவுண்டு வண்டி, அதே வேகத்தில் போகும் 4,000 பவுண்டு காரைவிட ஒன்பது மடங்கு ஆற்றலைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. நிறுத்தும்போது அத்தனையும் பிரேக்கில் வெப்பமாகத்தான் போயாக வேண்டும்.

பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் காரில் இருப்பது போன்ற எண்ணெய் பிரேக், பெரிய டீசல் புஷரில் ஏர் பிரேக். ஏர் பிரேக்கில் மிதித்ததற்கும் பிடிப்பதற்கும் நடுவே அரை விநாடிபோல ஒரு தாமதம் உண்டு. மணிக்கு 55 மைலில் அது மட்டுமே சுமார் 40 அடி. பிரேக்கின் காற்றழுத்தம் சுமார் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) அளவுக்கு இறங்கினால் எச்சரிக்கை ஒலிக்கும். ஒலித்தால் யோசிக்க ஒன்றுமில்லை, ஓரம் கட்டி நிறுத்திவிட வேண்டியதுதான். இன்னும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்து, வண்டி நினைக்காத இடத்தில் நின்றுவிடும்.

மலை இறக்கம்தான் என்னைக் கேட்டால் மிகுந்த மரியாதை கேட்கும் இடம். இறக்கத்தின் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பாதி இறங்கிய பிறகு கியர் மாற்றப் போனால் நேரம் கடந்திருக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லாரிக்காரர் விதி. இன்றைய வண்டிகளில் அதைவிடக் கீழ் கியர்கூட வேண்டியிருக்கும். கியரைக் கீழே வைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கும் டோ ஹால் பட்டன் இருந்தால் போடுங்கள். டீசலில், எஞ்சின் புகையைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதையும் போடுங்கள். கால் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வரக்கூடாது. சூடேறி, கடைசியில் பிடிக்காமலே போய்விடும். ஒரு வேகத்தை முடிவு செய்துகொள்ளுங்கள், 40 மைல் என்று வையுங்கள். வேகம் 40ஐத் தொட்டதும் உறுதியாக மிதித்து, மூன்று விநாடிபோல, 35க்குக் கொண்டுவந்துவிட்டு காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மறுபடி 40 வரும்வரை பிரேக் ஆறட்டும். எரிந்த வாடை வந்தால் முதலில் கிடைக்கும் ஒதுங்கிடத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். பின்னால் வரிசை நின்றால், ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டுவிட்டு உங்கள் வேகத்திலேயே இறங்குங்கள்.

காற்று. 40 அடி நீளம், 12 அடி உயரச் சுவரை உருட்டிக்கொண்டு போகிறோம் என்பதைப் பக்கக் காற்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். பெரிய லாரி ஒன்று முந்தும்போது அதன் முகம் தள்ளும் காற்று முதலில் உங்களை வலப்பக்கம் தள்ளும், கடந்து போகும்போது அதன் பக்கம் இழுக்கும். கண்ணாடியில் அது வருவதைப் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். லேனில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கி, இரண்டு கையாலும் சின்னச் சின்னத் திருத்தம் மட்டும் கொடுங்கள். பெரிதாக ஒடித்தால் வால் ஆட ஆரம்பிக்கும். காற்று பலமாக வீசும் நாளில் வேகத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் அன்றைக்கு அங்கேயே தங்கிவிடுங்கள். வீடு கூடவேதான் வருகிறது.

வண்டியின் கனம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பது இதில் நிறைய வித்தியாசம் செய்யும். 1973 முதல் 1978 வரை ஜிஎம்சி ஒரு மோட்டார் ஹோம் செய்தது. முன்சக்கர இழுவை, அதனால் தரைக்கடியில் நீளமான ஓட்டத் தண்டு கிடையாது. பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் ஒன்றன்பின் ஒன்றாக, காற்றுப் பை தாங்கியுடன். தரை மிகத் தாழ்வு. அதை இன்றைக்கும் பழுதுபார்த்து ஆசையாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது சாலையில் படிந்து போகும் அழகைப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

முன் டயர் வெடித்தால் காலின் முதல் ஆசை பிரேக்குக்குப் போவது. போகவிடாதீர்கள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை ஒரு கணம் அப்படியே வைத்து வண்டியை நேராக்குங்கள். நேராகிவிட்டால் மெல்லக் காலை எடுத்து, தானாக வேகம் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள்.

பின்னால் இழுத்துச் செல்பவர்களுக்கு

டிராவல் டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் விழ வேண்டும். ஃபிஃப்த் வீலில் 15 முதல் 25. இதைவிடக் குறைந்தால், அதாவது டிரெய்லரின் பின்பக்கம் கனமானால், அது பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும். ஆடினால் ஸ்டியரிங்கால் எதிர்த்து ஒடிக்காதீர்கள், கால் பிரேக்கும் வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்குங்கள். அது பின்னாலிருந்து இழுத்து நேராக்கிவிடும். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தொடத் தெரிந்திருக்க வேண்டும்.

மோட்டார் ஹோமின் பின்னால் நான்கு சக்கரமும் தரையில் உருள ஒரு காரைக் கட்டி இழுப்பது பரவலான வழக்கம். அப்படிக் கட்டியிருந்தால் ரிவர்ஸ் எடுக்க முடியாது. காரின் முன்சக்கரம் எதிர்ப்பக்கம் ஒடிந்து, இழுவைக் கம்பி வளையும். ஆகவே எந்த இடத்துக்குள் நுழைவதற்கு முன்பும் வெளியே போகும் வழி கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் தெருவிலேயே நிறுத்தி, நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது

முகாமுக்குப் போய்ச் சேரும் நேரத்தில் எல்லோருக்கும் களைப்பு, பசி. பெரும்பாலான கீறல்கள் அப்போதுதான் விழுகின்றன. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரும்படி நாளைத் திட்டமிடுங்கள்.

இடத்துக்குள் நுழைவதற்கு முன் இறங்கி, இருவரும் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். மின்கம்பம் எங்கே, பாறை எங்கே, மேசை எங்கே. ஓட்டுநர் பக்கமாக வளைந்து பின்னேறும்படி அணுகினால் நல்லது, வால் போகும் இடம் உங்கள் ஜன்னலிலேயே தெரியும். வழிகாட்டுபவர் எப்போதும் உங்கள் கண்ணாடியில் இருக்க வேண்டும். அவர் மறைந்த அடுத்த கணம் வண்டி நிற்க வேண்டும். கத்திப் பேசுவது எஞ்சின் சத்தத்தில் காதில் விழாது. கை சைகைகளை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள், அல்லது இருவரும் போனில் இணைந்திருங்கள். ‘இந்தப் பக்கம்’ என்ற சொல்லே வேண்டாம். எந்தப் பக்கம் என்பது நிற்பவருக்கும் ஓட்டுபவருக்கும் வேறு. ‘ஓட்டுநர் பக்கம்’, ‘வாசல் பக்கம்’ என்று சொல்லுங்கள். டிரெய்லர் என்றால் ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில் கையை வையுங்கள். கை போகும் பக்கம் டிரெய்லரின் வால் போகும்.

ஒரே முயற்சியில் உள்ளே போய்விட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. முன்னே எடுத்து, நேராக்கி, மறுபடி வாருங்கள். நான்கு முறை ஆனாலும் பரவாயில்லை. வழிகாட்டுபவருக்கும் ஒரு சொல். பார்வை சக்கரத்திலேயே நின்றுவிடும், அது இயல்பு. இரண்டடிக்கு ஒருமுறை அண்ணாந்து கூரையின் மூலையையும் பாருங்கள். கிளை பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கும்.